மீன் தொட்டிக்குச் சோடா கேஸ்

1. தொட்டி வந்த நாள்

அன்று சோடா பேக்டரியில் இருந்தவர்கள்: முதலாளி நாயுடு, மெஷின் சுற்றுகிற நான், எதிர்ச் சாரியில் சைக்கிள் கடை வைத்திருந்த காதர் பாய், வாசலில் போண்டா சுடுகிற பட்டம்மா, தலையில் கண்ணாடித் தொட்டியோடு வந்த மைன்ஸ் ஆபீசர்கள் கிளப் பியூன், அவனுக்குப் பின்னால் காரிலிருந்து இறங்கிய கிளப் செக்ரட்டரி. ஆக ஆறு பேர். பியூன் கையில் தொங்கிய அலுமினியத் தூக்கில் எட்டு மீன்கள். வேறு யாரும் இல்லை. பிற்பாடு ‘நானும் அங்கேதான் இருந்தேன்’ என்று தங்கச் சுரங்க ஊரான எங்கள் கோரமண்டலில் பாதிப் பேர் சொல்லிக்கொண்டார்கள். அதனால்தான் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பேக்டரி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஸ்டேஷனை விட்டு மேலே ஏறி வந்தால் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை, அவ்வளவுதான். உள்ளே ஒரு சோடா மெஷின், ஒரு கேஸ் சிலிண்டர், பாட்டில் அடுக்கிய மரப்பெட்டிகள், நாயுடுவின் பிரம்பு நாற்காலி. கோலி பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி மெஷினில் பூட்டி, சிலிண்டரைத் திறந்து, சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். கேஸ் தண்ணீரில் கலக்கும். கோலி வந்து பாட்டில் வாயை அடைத்துக்கொள்ளும். சில சமயம் பாட்டிலே வெடிக்கும். அதற்காக முகத்துக்குக் கம்பி வலையும் கைக்குச் சாக்குத் துணியும் உண்டு. மற்ற கடைகளில் ஒரு சாக்கு. நான் இரண்டு சுற்றிக்கொள்வேன்.

நான் பயந்த சுபாவம். அஞ்சாம் கிளாசோடு படிப்பை நிறுத்தியவன். என்னோடு படித்தவர்கள் எல்லாரும் மைன்ஸில் சேர்ந்து கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்கினார்கள். நானும் ஒரு முறை கூண்டு இறங்குகிற கிணறு, ஷாப்ட் வாசல் வரைக்கும் போனேன். கூண்டு கீழே விழுகிற வேகத்தில் கயிறு போட்ட சத்தத்தைக் கேட்டேன். திரும்பி ஓடி வந்து வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்தக் கதை எங்கள் லைன் வீடுகள் முழுக்கத் தெரியும். அப்புறம்தான் சோடா மெஷின். அந்த வருஷமோ, பெங்களூரிலிருந்து தகர மூடி போட்ட கலர் பாட்டில்கள் ரயிலேறி வந்து இறங்க ஆரம்பித்திருந்தன. எங்கள் கோலி சோடா படுத்துவிட்டது. மெஷினை விற்றுவிடப் போவதாக நாயுடு வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் நைனா அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பாரா?

“சோடா கடை மூடினா மூடட்டும். மேஸ்திரிகிட்ட சொல்லி வெச்சிக்கீறேன். அடுத்த மாசமே உனக்கு கீழ வேலை. ஆம்பளையா பொறந்தவன் எத்தினி நாளு கூண்டுக்கு பயந்துக்கினு இருப்பே?”

எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் கிளப் செக்ரட்டரி வந்தார். மங்களூர்ப் பக்கத்துக்காரர், மைன்ஸில் பெரிய ஆபீசர். தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசுவார். தண்ணீரில் வளரும் செடி என்றால் அவருக்கு உயிர். அவர் தொட்டியில் செடிகள் மஞ்சளாகிக் கரைந்துகொண்டே போயினவாம். ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் அதற்கு வைத்தியம் படித்திருக்கிறார்.

“மிஸ்டர் நாயுடு, உங்க சிலிண்டர்ல இருக்கறது கார்பன் டை ஆக்சைடுதானே?”

“அந்த மாதிரி கலப்படம் எல்லாம் நம்மகிட்ட கிடையாது தொரை. சுத்தமான சோடா கேஸ். பெங்களூர்லேர்ந்து சீல் போட்டு வருது.”

செக்ரட்டரி சிரித்துவிட்டார். பொறுமையாக விளக்கினார். நாம் மூச்சாக வெளியே விடுகிற காற்றுதான் இதுவாம். செடிக்கு அது சாப்பாடாம். வெளிச்சம் இருக்கும்போது செடி அதை எடுத்துக்கொள்ளும், இருட்டில் எடுக்காது. தண்ணீருக்குள் கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு குமிழியாக விட வேண்டும். அதிகமானால் மீனுக்கு மூச்சு முட்டும்.

“இந்தச் சின்னத் தொட்டியில நீங்க செஞ்சு காட்டுங்க. தசரா கழிஞ்சு வர்ற ஞாயிற்றுக்கிழமை கிளப்ல பார்ட்டி. அன்னைக்குச் செடியும் பச்சையா இருக்கணும், மீனும் உயிரோட இருக்கணும். இருந்தா, கிளப் சோடா ஆர்டர் பூரா உங்களுக்கு. இல்லேன்னா பெங்களூர் கம்பெனிக்குப் போகும்.”

கார் போனதும் நாயுடு என்னைப் பார்த்தார். “ஏமிரா ஏழுமலை, கேட்டியா? மீனு பொழச்சா நீ பொழச்சே.”

பட்டம்மா வாசலில் இருந்தே சொன்னாள்: “எட்டு மீனு நீஞ்சலன்னா இவன் எட்டாயிரம் அடி எறங்கணும்.”

2. குழாய் ஆடிய ஆட்டம்

முதலில் செடி. பேத்தமங்களா ஏரிக்கு சைக்கிளில் போனேன். ஓரத்துத் தண்ணீரில் கொட்டிக்கிழங்கு கிடைத்தது. அதன் இலை தண்ணீருக்குள் சுருள் சுருளாக நிற்கும், பார்க்க அழகு. வேலம்பாசியும் ஒரு கட்டு பிடுங்கிக்கொண்டேன். மணலும் அங்கேயே ஆற்றிலிருந்து அள்ளி வந்தேன். “மணலுக்கா அவ்ளோ தூரம் போனே? நம்ம ஊருல மலை மலையா கொட்டிக் கிடக்குதே” என்றார் காதர் பாய். அது மைன்ஸில் கல்லை அரைத்துத் தங்கம் எடுத்தபின் கொட்டுகிற மண். சயனைடில் ஊறியது. அந்த மேட்டுப் பக்கம் ஆடு மேய்ந்தாலே நான் கல்லெறிந்து துரத்துவேன். என் பயம் உபயோகப்பட்ட இடம் அது ஒன்றுதான்.

அடுத்தது கேஸ். சிலிண்டரிலிருந்து ரப்பர் குழாயை நேராகத் தொட்டிக்குள் விட்டோம். சாவியை ஒரு நூல் அளவுதான் திருப்பினேன். புஸ்ஸென்று ஒரு சத்தம். குழாய் தொட்டியை விட்டு எழுந்து நின்று பாம்பு மாதிரி ஆடியது. ஆடிய ஆட்டத்தில் பாதித் தண்ணீர் நாயுடுவின் மேல், மீதி கூரையில். நட்ட செடி அத்தனையும் மிதந்தது. நல்லவேளை, மீன்களை இன்னும் விடவில்லை. நான் எப்போது மெஷினுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன் என்று எனக்கே தெரியாது.

“ஒத்துரா! வேணான்டா! மூடுரா!” என்று நாயுடு கத்துகிறார். நான்தான் மூட வேண்டும். நான் மெஷினுக்குப் பின்னாலேயே இருந்தேன். கடைசியில் காதர் பாய் உள்ளே பாய்ந்து மூடினார்.

சிலிண்டர் வேகத்துக்குக் குமிழி குமிழியாக விடுவது நடக்காத காரியம் என்று அன்றே தெரிந்துபோயிற்று. அடுத்த நாள் நாயுடு மெஷினைத் துடைத்து வைக்கச் சொன்னார். யாரோ ஒருவர் வந்து மெஷினுக்கு விலை கேட்டுவிட்டுப் போனார். நான் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டே அதைக் கேட்டேன்.

வழி காட்டியது பந்து. காதர் பாய் கடையில் பஞ்சர் ஒட்ட ஒரு புட்பால் பிளாடர் வந்திருந்தது. ஒட்டி, காற்றடித்து, வாயைக் கட்டாமல் விரலால் அழுத்தி வைத்துக்கொண்டு யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். விரல் சந்தில் காற்று மெதுவாகக் கசிந்துகொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவரும் என் பார்வையைப் பார்த்தார். இருவருக்கும் ஒரே நேரத்தில் பொறி தட்டியது.

“ஏழுமலை, சிலிண்டர்லேர்ந்து இதுல ரொப்பிக்கோ. இதுலேர்ந்து தொட்டிக்கு வுடு!”

அவ்வளவுதான், காரியம் ஓட்டம் பிடித்தது. பிளாடரில் கேஸை நிரப்பி ஒரு பலகைக்கு அடியில் வைத்தோம். பலகை மேல் ஒரு செங்கல். அந்தக் கனம்தான் கேஸை மெதுவாகத் தள்ளும். காதர் பாயின் மச்சான் ஆஸ்பத்திரியில் வார்டு பாய். சலைன் ஏற்றி முடித்துத் தூக்கிப் போடும் ரப்பர் டியூபும், சொட்டுத் தெரிகிற கண்ணாடிக் குமிழும், டியூபை நெரிக்கும் திருகு கிளிப்பும் அவர் மூலம் வந்தன. கண்ணாடிக் குமிழில் பாதித் தண்ணீர் ஊற்றி நடுவில் மாட்டினால் கேஸ் போவது கண்ணுக்குத் தெரியும். கிளிப்பைத் திருகித் திருகி, ஒருவர் நிதானமாக மூச்சு விடுகிற நேரத்துக்கு ஒரு குமிழி என்று வைத்தேன்.

தண்ணீருக்குள் போகிற முனைக்கு என்ன வைப்பது? சும்மா விட்டால் பெரிய குமிழியாக மேலே வந்து உடைந்துவிடுகிறது, தண்ணீரில் கரைவதில்லை. நுணுக்கமான துளை வேண்டும். என் கண் நாயுடுவின் நாற்காலி மேல் போனது. பிரம்பைக் குறுக்கே வெட்டினால் உள்ளே ஊசி ஊசியாகத் துளை இருக்கும். நாயுடு சாப்பிடப் போயிருந்தார். கைப்பிடிக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த விரல் நீளத் துண்டை மட்டும் அறுத்தேன். டியூபில் செருகித் தண்ணீரில் விட்டதும் புகை மாதிரிப் பொடிக் குமிழி கிளம்பியது! காதர் பாய் என் முதுகில் அடித்த அடி இரண்டு நாள் வலித்தது.

நாயுடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கைப்பிடியைத் தடவினார். தொட்டியைப் பார்த்தார். திரும்பக் கைப்பிடியைத் தடவினார்.

“கால வெட்டலியே, அது வரைக்கும் சந்தோசம்” என்றார்.

3. இலை மூச்சு விட்டது

கேஸை எப்போது திறப்பது, எப்போது மூடுவது? வெளிச்சம் இருக்கும்போது மட்டும் என்று செக்ரட்டரி சொல்லியிருந்தார். எங்களில் ஒருவரிடமும் கடிகாரம் இல்லை. எங்கள் ஊரில் அதற்குத் தேவையும் இல்லை. மைன்ஸ் சங்கு ஊதினால் அடுப்பு பற்றவைப்பார்கள், சங்கு ஊதினால் பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்புவார்கள், சங்கு ஊதினால் கடை சாத்துவார்கள். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன். காலைச் சங்குக்குக் கிளிப்பைத் திறப்பேன். சாயங்காலச் சங்குக்கு மூடுவேன். மனிதர்களுக்கு ஷிப்ட் மாறும்போது செடிக்கும் மாறும்.

மீன்களை விட்டோம். முதல் சில நாள் ஒன்றுமே நடக்கவில்லை. எனக்கு நிமிஷத்துக்கு ஒரு சந்தேகம். மீன் வாயைத் திறந்தால் பயம். திறக்காவிட்டால் அதைவிடப் பயம். ஒரு மீன் கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் எட்டும் இருக்கிறதா என்று எண்ணிக்கொண்டே பாட்டில் கழுவுவேன்.

அப்புறம் ஒரு நாள் காலை. வெயில் ஜன்னல் வழியாகத் தொட்டியில் நேராக விழுந்துகொண்டிருந்தது. வேலம்பாசியின் ஒவ்வொரு நுனியிலும் கடுகை விடச் சின்னதாக ஒரு வெள்ளி முத்து. ஒன்று கழன்று மேலே போனது. அந்த இடத்தில் இன்னொன்று முளைத்தது. கொட்டிக்கிழங்கு இலையின் ஓரத்திலிருந்து முத்துச் சரம் மாதிரி நிற்காமல் ஓடியது. பிரம்பிலிருந்து வருகிற குமிழி இல்லை இது. இலையே விடுகிறது!

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. பாட்டில் வெடித்துவிட்டது என்று நினைத்து பட்டம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். வந்தவள் தொட்டியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

“எம்மாடி! செடி சோடா குடிச்சுட்டு ஏப்பம் வுடுதுடா!”

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. ஏப்பம் விடுகிற செடியைப் பார்க்க ஷிப்ட் முடிந்தவர்கள் தலையில் சேறு காயாமலே வந்தார்கள். வந்தவர்கள் சும்மா போவார்களா? ஒரு சோடா. பக்கத்தில் ஒரு போண்டா. நாயுடு நாற்காலியைத் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கு எல்லாம் விளக்கம் சொன்னார். நான் நாள் முழுக்க மெஷின் சுற்றினேன். கை வலித்தது. அந்த வலி எனக்கு இனித்தது. மெஷினுக்கு விலை கேட்டவர் திரும்ப வந்தபோது நாயுடு அவருக்கும் ஒரு சோடா கொடுத்து அனுப்பிவிட்டார்.

செடி வளருகிற வேகத்தைப் பார்த்து நாயுடுவுக்கு ஆசை மூண்டது. பார்ட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது பலகை மேல் இன்னொரு செங்கல்லை வைத்தார்.

“மொதலாளி, அதிகமா போனா மீனுக்கு ஆகாதுன்னு தொரை சொன்னாரே.”

“ஒரு கல்லுக்கு இவ்ளோ பச்சைன்னா ரெண்டு கல்லுக்கு எவ்ளோ? சாயந்தரம் சங்கு ஊதினா நீதான் மூடிடப் போறியே. பயப்படாதே.”

4. சங்கு ஊதாத நாள்

மறுநாள் மைன்ஸில் ஒரு நாள் ஸ்ட்ரைக். எல்லா ஷாப்ட்டிலும் வேலை நின்றது. ஊரே மீட்டிங் மைதானத்துக்குப் போய்விட்டது. காலையில் வெளிச்சம் வந்ததைப் பார்த்து நான் கிளிப்பைத் திறந்தேன். கொஞ்ச நேரத்திலேயே மேகம் மூடிக்கொண்டது. நாள் முழுக்க ஒரே சாம்பல் நிறம். இலையில் ஒரு முத்துக்கூட வரவில்லை.

நாயுடு நாற்காலியில் சாய்ந்து தூங்கினார். எழுந்தார். “சங்கு ஊதட்டும், கடை சாத்தலாம்” என்றார். திரும்பத் தூங்கினார். நானும் சங்குக்காகக் காத்திருந்தேன். வாசலில் பட்டம்மாவும் அதற்குத்தான் காத்திருந்தாள். எதிரே காதர் பாயும். சங்கு ஊதுகிறவனும் ஸ்ட்ரைக்கில் இருக்கிறான் என்பது எங்கள் நாலு பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம். அது ஊதாமல் ஒரு நாள் முடியும் என்று யாருக்குத் தோன்றும்?

அடுப்பை அணைத்துவிட்டு விளக்குக்கு எண்ணெய் கேட்க பட்டம்மா உள்ளே வந்தாள்.

“இன்னாடா இது, மேகமா சாயங்காலமா ஒண்ணும் புரியல. ஆமா, உன் மீனுங்க ஏன் எல்லாம் மேல வந்து கொட்டாவி வுடுதுங்க?”

பார்த்தேன். எட்டும் தண்ணீருக்கு மேலே வாயை நீட்டித் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. கறுப்பு மீன் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. தண்ணீருக்கு மேலே நான் மீனைப் பார்க்கவில்லை. கூண்டைப் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து மீட்டிங் முடிந்து ஆறு பேர் கோரிக்கை அட்டைகளோடு சோடா குடிக்க வந்தார்கள். முன்னால் வந்தவர் தர்மலிங்கம். பூமிக்கடியில் பாறையில் துளை போடுகிற மெஷின்மேன். எங்கள் லைன்தான்.

“இன்னாடா மொகம் வெளுத்துக் கீது?”

தொட்டியைக் காட்டினேன். அவர் அட்டையைச் சுவரில் சாய்த்தார். தொட்டியின் கண்ணாடி மூடியைக் கொஞ்சம் நகர்த்தினார். தீக்குச்சியைக் கிழித்து, தண்ணீருக்கு மேலே கையை இறக்கினார். நெருப்பு பொசுக்கென்று அணைந்தது.

“அணையுதுபா!” என்றார்.

மைன்ஸில் நெருப்பு அணைந்தால் கேள்வி கிடையாது. கெட்ட காற்று என்று அர்த்தம். போட்டது போட்டபடி வெளியேற வேண்டும். ஆறு பேரும் ஒரே பாய்ச்சலில் தெருவில் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் நாயுடு. நாற்காலியும் அவரோடு வந்துவிட்டது. தெருவில் நின்றபிறகுதான் தர்மலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது.

“ஒரு மொழ தொட்டிக்காடா ஓடியாந்தோம்! உள்ள வாங்கடா. டேய் ஏழுமலை, கேஸ நிறுத்து மொதல்ல!”

செங்கற்களைத் தள்ளினேன், கிளிப்பை நெரித்தேன். அதோடு முடியவில்லை. “கேஸ் நின்னா போதாது. குண்டு வெச்சப்புறம் புகைய எப்பிடி தள்ளுவோம்? புதுக் காத்து உடணும். பம்பு கொண்டா பாய்!” என்றார் தர்மலிங்கம்.

காதர் பாய் சைக்கிள் பம்பை எடுக்க ஓடினார். அந்த இடைவெளியில்தான் விவகாரம் வந்தது. பின்னால் நின்ற ஒருவர் கேட்டார்: “இது யாரு மீனு?”

“கிளப் செக்ரட்டரி மீனு” என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை.

அட்டைகள் எல்லாம் ஒரு கணம் அசையாமல் நின்றன.

“கிளப்புன்னா கம்பெனி. கம்பெனி சொத்துல இன்னிக்கு கை வெச்சா கருங்காலின்னு பேரு வரும்.”

“மீனு செத்துக்கினு கீதுபா!”

“சாவட்டும்னா சொன்னேன்? ஸ்ட்ரைக்குன்னா ஸ்ட்ரைக்கு. மீனுக்கு ஒரு சட்டம், நமக்கு ஒரு சட்டமா?”

நிஜமாகவே விவாதம் நடந்தது. கறுப்பு மீன் மல்லாந்துகொண்டிருக்கிறது, இங்கே ஆறு பேர் கையைக் கட்டிக்கொண்டு நியாயம் பேசுகிறார்கள். தர்மலிங்கமும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அவர் யூனியனில் பொறுப்பில் இருப்பவர்.

“அண்ணே,” என்றேன். “இதுங்க செத்தா பேக்டரி மூடிடும். நைனா என்னைக் கூண்டுல ஏத்திடுவாரு.”

கட்டியிருந்த கைகள் அவிழ்ந்தன. பிறகு ஒருவர் மெதுவாகச் சொன்னார்: “இவன ஏத்தினா கூண்டே கத்தும்பா.”

நாயுடு அப்போதுதான் புத்தியைக் காட்டினார். தெருவிலிருந்து நாற்காலியோடு உள்ளே வந்து, நடுவில் நின்று கையை உயர்த்தினார். “கம்பெனி வேலை காதுரா, இல்லேரா! இது நாயுடு வேலை! நான் கூலி தரேன். ஆளுக்கு ரெண்டு ரூபா. கூலி குடுத்தா பிரைவேட் வேலைதானே? யாரு உங்கள கருங்காலின்னு சொல்றது?”

தர்மலிங்கம் ஆறு பேர் முகத்தையும் பார்த்தார். “பிரைவேட் வேலைதான். ஆரம்பிங்க!”

அதற்கப்புறம் நடந்ததை எழுதக் கை போதாது. பிரம்புத் துண்டோடு இருந்த டியூபில் பம்பை மாட்டினோம். ஒருவர் அடிக்க, கை ஓய்ந்ததும் அடுத்தவர். மற்ற ஐந்து பேரும் கோரிக்கை அட்டைகளால் தொட்டியின் மேல் விசிறினார்கள். கூலி உயர்வும் வீட்டுக் கூரை ரிப்பேரும் மீன்களின் மேல் மாறி மாறிக் காற்று வீசின. பட்டம்மா ஒரு குவளையில் தொட்டித் தண்ணீரையே மொண்டு உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டே இருந்தாள். நான் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு எண்ணினேன்.

“ஸ்ட்ரைக்கு நாள்ல ஷிப்ட் போட வெச்சுட்டியேடா!” என்றார் பம்பு அடித்தவர்.

“பேசாத அடி. மேஸ்திரி பாக்கறாரு,” என்று தர்மலிங்கம் என்னைக் காட்டினார்.

ஒரு மீன் கீழே இறங்கியது. அடுத்தது. இரண்டு சேர்ந்தாற்போல இறங்கின. ஏழு வந்துவிட்டது. கறுப்பு மட்டும் அப்படியே கிடந்தது. தர்மலிங்கம் பம்பைத் தானே வாங்கி அடித்தார். அதன் செவுள் ஒரு தடவை அசைந்தது. இன்னொரு தடவை. சட்டென்று நிமிர்ந்து, தள்ளாடி, நேராகக் கல்லுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது.

“எழுந்துட்டாண்டா!”

ஆறு பேரும் போட்ட கூச்சலில் தகரக் கூரை அதிர்ந்தது. தெருவில் போய்க்கொண்டிருந்தவர்கள் பேச்சுவார்த்தை ஜெயித்துவிட்டது என்று நினைத்துக் கோஷம் போட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தார்கள். அவர்களில் என் நைனாவும் இருந்தார். விஷயம் தெரிந்ததும் எல்லாரும் தர்மலிங்கத்தைத் திட்டினார்கள். நைனா மட்டும் தொட்டியை நெடுநேரம் குனிந்து பார்த்தார்.

“இத்துனூண்டு மீனுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்?” என்றார். பிறகு பம்பு எங்கே என்று கேட்டார்.

5. ஞாயிற்றுக்கிழமை

ஞாயிறு காலை நல்ல வெயில். செக்ரட்டரி வந்து, பேண்ட் மடிப்பைப் பார்க்காமல் முழங்காலிட்டு உட்கார்ந்தார். இலைகள் எல்லாம் முத்து விட்டுக்கொண்டிருந்தன. கறுப்பு மீன் அவர் மூக்குக்கு நேரே வந்து நின்றது. நான் இன்னொரு தடவை எட்டையும் எண்ணினேன். அவர் பிளாடரைத் தொட்டுப் பார்த்தார், கண்ணாடிக் குமிழைப் பார்த்தார், பிரம்பைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்.

“பிரில்லியண்ட். இதை யார் தினமும் கவனிக்கிறது?”

நாயுடு என் தோளில் கை வைத்தார். “இவன்தான் தொரை. பயந்துக்கினே பார்த்துப்பான். அதான் நல்லது.”

ஆர்டர் வந்தது. நாயுடு மெஷினை விற்கவில்லை. நைனா மேஸ்திரியிடம் போய், “அவன் சோடாவுலயே கெடக்கட்டும்” என்று சொல்லிவிட்டு வந்தார். நான் இதுவரைக்கும் கூண்டில் ஏறவில்லை. தொட்டி கிளப்புக்குப் போனது. பிளாடரில் கேஸ் நிரப்ப நான் அங்கே போக ஆரம்பித்தேன். பிறகு ஆபீசர் பங்களாக்களிலும் கேட்டார்கள். சோடாக்காரன் என்பதோடு தொட்டிக்காரன் என்றும் பேர் சேர்ந்தது.

புதிதாகத் தொட்டி வைக்கிறவர்கள் இப்போது என்னிடம் வந்து கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கேஸ் விடுவதில் ஒரு சாமர்த்தியமும் இல்லை. பிளாடர் இருந்தால் யாரும் விடலாம். நிறுத்துவதுதான் வேலை. நிறுத்துகிற வேலையை ஊர்ச் சத்தத்திடம் ஒப்படைக்காதீர்கள், சொந்தமாக ஒரு டைம்பீஸ் வாங்கிக்கொள்ளுங்கள். மேகம் போட்டால் குமிழியைக் குறையுங்கள். மூடியை முழுசாக மூடாதீர்கள். செடி எவ்வளவு பச்சை என்று பார்ப்பதற்கு முன்னால் மீன் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மேலே நின்றால் யோசிக்காதீர்கள், காற்றடியுங்கள். மீன் யாருடையது என்று பிறகு விசாரித்துக்கொள்ளலாம்.

நாயுடு அன்றைய கூலியை மறுநாளே எடுத்துக்கொண்டு தர்மலிங்கத்தின் வீட்டுக்குப் போனார். அவர் வாங்கவில்லை. “ஆறு பேரா செஞ்சோம், ஆறு பேரா வந்துதான் வாங்குவோம். அதான் எங்க முறை” என்றார். ஒருவருக்குப் பகல் ஷிப்ட் என்றால் இன்னொருவருக்கு ராத்திரி ஷிப்ட். ஆறு பேரும் ஒன்றாகச் சேரவே இல்லை. பிறகு ஒருவர் பெங்களூர் மில்லுக்குப் போனார், ஒருவர் பங்காருபேட்டையில் கடை போட்டார். நாயுடு வயதாகி மெஷினை எனக்கே கொடுத்தபோது, கடனும் மெஷினோடு சேர்ந்துதான் வருகிறது என்று தர்மலிங்கம் வந்து சொல்லிவிட்டுப் போனார். இப்போதும் சோடா குடிக்க வந்தால் காசு கொடுத்துத்தான் குடிப்பார். கூலியில் கழித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டால் கோபம் வரும்.

“நான் ஒருத்தன் மட்டும் வாங்கினா கணக்கு முடிஞ்சுரும். கூலி வாங்காம வுட்டா அது கம்பெனி வேலை ஆயிடும். ரெண்டும் நமக்கு ஆவாது. அது பாக்கியாவே இருக்கட்டும்டா.”

ஆளுக்கு இரண்டு ரூபாய் வீதம் ஆறு பேருக்கு, பன்னிரண்டு ரூபாய் பாக்கி.